அத்தைக்குக் குண்டு தீர்ந்த ஞாயிறு

பெண் போனில் சொன்னதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அம்மா ஒரு வாரத்தை ஓட்டிவிட்டாள். வேறு யாராவது என்றால் மறுநாளே வாய் திறந்திருக்கும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இவளுக்குப் பிழைப்பே சொல்லாமல் இருப்பதுதான். எலும்பு இரண்டாகக் கிடப்பது படத்தில் பளிச்சென்று தெரியும். படுத்திருப்பவர் "ஒண்ணும் இல்லியேம்மா?" என்று இவள் முகத்தையே பார்ப்பார். "டாக்டர் பாத்துச் சொல்வார்" என்று சொல்லிவிட்டு, வெள்ளையடித்த சுவர் மாதிரி ஒரு முகத்தை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த முகத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவள் அவள்.

பெண் சொன்னது இதுதான்.

"ஞாயித்துக்கிழமை வரேன்மா. வேலையை நீட்டிச்சுக் கேக்கறாங்க, நான் இங்கயே இருந்துடப் போறேன். நாம பிரிஞ்சுடலாமான்னு அவரைக் கேக்கப் போறேன். என்ன சொல்வார்னு உனக்கே தெரியும். சரின்னுவார். கல்யாணத்துக்கு சரி, வெளியூர் வேலைக்கு சரி, மாசக்கணக்கா வர முடியாதுன்னா அதுக்கும் சரி. இதுக்கும் சரின்னா, அந்த ஒரு சரியே எனக்குப் போதும்."

கொஞ்சம் மூச்சு விட்டு, "நீ குறுக்க பூந்து எதுவும் சொல்லிக் குடுக்காதே. சொல்லிக் குடுத்து வர்ற பதில் எனக்கு வேண்டாம்" என்றாள்.

எக்ஸ்ரே அம்மா "ம்" என்றாள். சென்ற வார அத்தியாயத்தில் நாம் அவளை விட்டுவிட்டு வந்தது அந்த 'ம்'மில்தான்.

பெண் ரோடு போடும் கம்பெனியில் சர்வேயர். வெயிலில் முக்காலியை நட்டு, கண்ணாடி வழியே பார்த்து, கோணம் எடுக்கிற வேலை. கோணல் எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள் என்பதுதான் சிக்கல்.

மாப்பிள்ளைக்கு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை, வீட்டிலிருந்தபடியே. காலையில் ஹெட்போனை மாட்டினால் மாலை வரைக்கும் "புரியுது மேடம், சரி மேடம், உங்க கோபம் நியாயம்தான் மேடம்." யாரோ ஒருத்தியின் புடவை சாயம் போனதற்கு இவர் இங்கே உட்கார்ந்து தலையாட்டுவார். கீழ்வீட்டுத் தையல்கார அம்மாள் அவருக்கு 'சரி மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறாள். அவர் காதிலும் அது விழுந்தது. சரி என்று விட்டுவிட்டார்.

பெண் வெளியூர் போனதும் அவர் தனியாக வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மாமியாரின் வலது தோள் இறுகிக்கொண்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். கதிர் படாமல் மாட்டிக்கொள்கிற ஈய ஏப்ரனைத் தூக்கித் தூக்கியோ, எக்ஸ்ரே இயந்திரத்தின் தலையை இழுத்து இழுத்தோ, தோள் ஒருநாள் போதும் என்று முடிவுகட்டிவிட்டது. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. மாமனாரோ கப்பலில் சமையல்காரர். நடுக்கடலில் இருப்பவரைக் கூப்பிட்டு வெந்நீர் வைத்துக் கொடு என்று சொல்ல முடியுமா. மாப்பிள்ளை மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

தங்கினாரே தவிர, இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மாமியார் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை போதுமான்னு தெரியலை" என்று ஜன்னலிடம் சொல்வாள். மாப்பிள்ளை "போதும் அத்தை" என்று டம்ளரிடம் சொல்வார். இடையில் காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் வீட்டில் எல்லா விஷயமும் தெரியும்.

இதற்கு நடுவில்தான் துப்பாக்கி வந்தது.

பிசியோதெரபி பெண், சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றச் சொல்லியிருந்தாள். சில நாள் ஏற்றிப் பார்த்த எக்ஸ்ரே அம்மாவுக்குச் சுவர் அலுத்துவிட்டது. சுவருக்கும் அவள் அலுத்திருப்பாள். ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை தன் வீடியோ கேம் பெட்டியை ஹால் டிவியில் செருகி, ஒரு கன்ட்ரோலரை அவள் வலது மணிக்கட்டில் பட்டையோடு மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

"கை எங்க போகுதோ அங்க துப்பாக்கி போகும் அத்தை. பட்டனை அமுக்கினா சுடும்."

"நான் யாரைச் சுடணும்?"

"ரோபோவைத்தான்."

கைவிடப்பட்ட ஒரு துறைமுகம். இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே பித்துப்பிடித்த ரோபோக்கள். திரையில் தெரிவது நம் கண். அதன் முன்னால் நீட்டியிருப்பது நம் துப்பாக்கி. கூரை மேல் நிற்பவனைச் சுட, நிஜமாகவே கையைக் கூரைக்கு நீட்ட வேண்டும். குண்டு தீர்ந்தால் கன்ட்ரோலரை மேலே தூக்கி ஓர் உதறு உதற வேண்டும், அப்போதுதான் நிரம்பும். மாப்பிள்ளை ஏன் இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று புரிய மாமியாருக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிவதற்குள் அவளுக்கு அது பிடித்துப்போயிருந்தது.

விளையாட்டில் ஒரு தொல்லை. "மாப்பிள்ளை கொஞ்சம் வலது பக்கம் திரும்பினா தேவலை" என்று அவள் மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள், வலது பக்கத்து ரோபோ மாப்பிள்ளையைத் தீர்த்துவிடும். ஆகவே வாக்கியம் தேய ஆரம்பித்தது. முதலில் "மாப்பிள்ளை, வலது பக்கம்." அப்புறம் "வலது." அவரும் "அத்தை, தயவுசெஞ்சு குனிஞ்சுக்கறீங்களா" என்பதிலிருந்து "குனிங்க" வரைக்கும் வந்திருந்தார். கீழ்வீட்டுக்கு மட்டும் "சுடுங்க", "விடாதீங்க", "பின்னாடி வரான்" என்று தடதடவென்ற காலடியோடு கேட்கும். தையல்கார அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள்.

ஞாயிறு வந்தது. பெண் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் மாப்பிள்ளை முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, ஹாலில் நாற்காலிகளை ஓரம் தள்ளினார்.

"அவ வர்றதுக்குள்ள ஒரு ஆட்டம் போடலாமா அத்தை?"

வயிற்றில் ஒரு செய்தியை வைத்துக்கொண்டு துப்பாக்கி பிடிப்பது கஷ்டம். ஆனால் சும்மா உட்கார்ந்தால் வாய் தவறிவிடும். அவள் பட்டையை மாட்டிக்கொண்டாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. தூரத்தில் ஒரு கிரேன். அதன் உச்சியில் ஒருவன். மாப்பிள்ளை நீளத் துப்பாக்கியை எடுத்தார். திரையில் குறி ஆடியது.

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க" என்றாள் எக்ஸ்ரே அம்மா. ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் சொல்கிற அதே குரல்.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்தார். குறி நின்றது. கிரேன்காரன் விழுந்தான். இவள் அடுத்தவனைத் தேடிப் போய்விட்டாள். பக்கத்தில் என்னவோ வித்தியாசமாக இருக்கிறதே என்று திரும்பினால், மாப்பிள்ளை முகம் சிவந்து நிற்கிறார்.

"ஐயோ, விடலாம், விடலாம். நான் சொல்லலைன்னா விட மாட்டீங்களா?"

"நீங்க சொல்லலியே அத்தை" என்று இருமினார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. மூச்சு விடுவதற்குக்கூட அனுமதிக்குக் காத்திருக்கிற ஒரு மனுஷர். இன்று மதியம் இவரிடம் ஒரு கேள்வி வரப்போகிறது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் சரி சரின்னு இருக்கக் கூடாது மாப்பிள்ளை."

"சரி அத்தை."

அவள் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கை ஏறாது, அதனால் அடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டத்துக்குக் கதவு திறக்கும்வரை திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"அத்தை, ஒரு வாரமா நீங்க அந்த முகத்தை வெச்சுக்கிட்டு இருக்கீங்க."

"எந்த முகம்?"

"டாக்டர் சொல்வார் முகம். உங்க ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தப்ப பாத்திருக்கேன். யாருக்கு அடி பலம்னு அந்த முகத்தை வெச்சே கண்டுபிடிச்சுடலாம். ஒண்ணும் இல்லாதவங்ககிட்ட நீங்க நல்லா சிரிச்சுப் பேசுவீங்க."

பாதி ஆயுளில் ஒருத்தரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. சுவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஜன்னலாக இருந்திருக்கிறது.

"டாக்டர் மதியம் வராங்களா அத்தை?" என்றார் அவர். குரலில் கேலி இல்லை.

பதில் சொல்ல வேண்டாதபடி கதவு திறந்துகொண்டது. ரோபோக்கள் திமுதிமுவென்று வந்தன. வாழ்நாளில் அவள் எந்தக் கூட்டத்தையும் அவ்வளவு சந்தோஷமாக வரவேற்றிருக்க மாட்டாள். சுட்டாள், சுட்டாள், குண்டு தீர்ந்தது. கன்ட்ரோலரைத் தூக்கி உதறினாள். நிரம்பவில்லை. இன்னொரு உதறு. ஊஹூம்.

"இது கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போகலை. இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

"நேத்து இவ்வளவு தூக்கினாலே போதுமே?"

மாப்பிள்ளை ஒரு பெட்டிக்குப் பின்னால் பதுங்கினார். திரையில் மட்டுமல்ல, ஹாலிலும் கொஞ்சம் பதுங்கினாற்போலத்தான் இருந்தது.

"நேத்து ராத்திரி கொஞ்சம் ஏத்தி வெச்சேன். எவ்வளவு உயரம் தூக்கினா குண்டு நிரம்பணும்கறதை மாத்திக்கலாம். முதல் நாள் உங்க இடுப்பு உயரத்துக்கு வெச்சிருந்தேன். அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்தேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

எக்ஸ்ரே அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் அவளுடைய ஆளை மூன்று பக்கமும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் ஏமாந்திருக்கிறோம் என்ற எரிச்சல். அதைவிட, சரியைத் தவிர வேறு வார்த்தை தெரியாது என்று வீடே முத்திரை குத்தின மனுஷர், இத்தனை நாளும் ஒருத்தரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்திருக்கிறார் என்ற ஆச்சரியம். இரண்டும் சேர்ந்து அவளை ஒரு வெறியோடு முன்னால் கிளப்பிவிட்டன. குண்டில்லாத துப்பாக்கியோடு நட்டநடு மைதானத்தில் ஓடினாள்.

"எங்க போறீங்க?" என்று கத்தினார் மாப்பிள்ளை. "அறிவிருக்கா உங்களுக்கு? கையில குண்டு இல்லாம எவனாவது முன்னாடி ஓடுவானா? ஒரு தடவையாவது சொல்பேச்சு கேளுங்க."

"டேய், என்னைத் திட்டறது இருக்கட்டும், பின்னாடி பாருடா" என்றாள் எக்ஸ்ரே அம்மா.

அவன் திரும்பினான், சுட்டான், பின்னால் வந்தவன் விழுந்தான். இவளே அவனை 'டா' போட்டாயிற்று. இனி நாம் மட்டும் 'அவர்' என்று எழுதி என்ன ஆகப்போகிறது.

அதற்கப்புறம்தான் இருவருக்கும் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. திரையில் இரண்டு பேரும் சும்மா நின்றார்கள். மிச்சமிருந்த ரோபோக்கள் வந்து நிதானமாகச் சுட்டுவிட்டுப் போயின.

"அத்தை, நான்..."

"நானும்தான்" என்றாள் அவள்.

வாசல் பக்கம் ஏதோ தரையில் வைக்கிற சத்தம். பெண் நின்றுகொண்டிருந்தாள். சாவி அவள் கையில், பெரிய காலிப் பெட்டி காலடியில். பெட்டி காலி என்பது, அவள் அதை ஒரு விரலால் தள்ளியதிலேயே தெரிந்தது. துணி எடுத்துப்போக வந்திருக்கிறாள்.

"முந்தின பஸ் கிடைச்சுது" என்றாள். "கீழ்வீட்டு அக்கா மாடிப்படியிலயே பிடிச்சுக்கிட்டாங்க. உங்கம்மாவும் உன் வீட்டுக்காரரும் தினம் சண்டை, சுட்டுடுவேன்னு சத்தம், போலீசுக்குச் சொல்லலாமான்னு கேக்கறாங்க. நான் சிரிச்சேன். அவராவது, சண்டையாவதுன்னு."

"எத்தனை நேரமா நிக்கறே?" என்றான் அவன்.

"'அறிவிருக்கா'லேருந்து."

அவள் செருப்பைக் கழற்றினாள். கழற்றின செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என்கிட்ட ஒருநாள் கூட நீ இப்படிக் கத்தினதில்லை."

கத்தியதற்காகச் சண்டை போடும் மனைவிகளைத் தெரியும். கத்தாததற்காகக் கண் கலங்குகிறவளை எக்ஸ்ரே அம்மா இப்போதுதான் பார்க்கிறாள். பெற்ற பெண்ணே ஆனாலும், இந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று தோன்றியது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிப் பெண்ணின் கையில் திணித்தாள்.

"பிடி. பால் அடுப்பில இருக்கு."

அடுப்பில் பால் இல்லை. அதனால் போய்ப் பாலை வைத்தாள். சமையலறையிலிருந்து ஹால் தெரியும். தெரிகிற கோணத்தில்தான் எந்தச் சமையலறையிலும் அடுப்பு இருக்கும்.

இரண்டு பேரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். அவன் ஏதோ காட்டிக்கொடுத்தான். பெண்ணுக்கு ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்க்கிற பழக்கம் தொழிலிலேயே உண்டு. முதல் ரோபோ முதல் குண்டிலேயே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவன் "நல்லா வருதே உனக்கு" என்றான். அவள் மூன்றாவதைக் குறி பார்த்தாள்.

பிறகு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள்.

"அங்கேயே இருக்கச் சொல்றாங்க. நான் இருந்துடலாம்னு இருக்கேன். நாம பிரிஞ்சுடலாம். என்ன சொல்றே?"

எக்ஸ்ரே அம்மா மூச்சை இழுத்தாள், பிடித்தாள், அசையவில்லை. பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்தது. அடுப்பை அணைக்கக் கை போகவில்லை.

அவன் ஒரு ரோபோவைச் சுட்டான். குண்டு தீர்ந்தது. கையைத் தூக்கி உதறி நிரப்பிக்கொண்டான். வாய் 'ச' என்று சொல்லப் போவது போலத் திறந்ததை எக்ஸ்ரே அம்மா இங்கிருந்தே பார்த்தாள்.

"மாட்டேன்" என்றான்.

"என்ன?"

"சரின்னு சொல்ல மாட்டேன். நீ அங்க இருக்கறதா இருந்தா நானும் அங்க வரேன். என் வேலைக்கு ஹெட்போன் இருந்தாப் போதும், எங்கேருந்தும் திட்டு வாங்கலாம். பிரியறதுக்கு மட்டும் என் சரி கிடையாது. வேணும்னா நீ சண்டை போட்டு வாங்கிக்கோ."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அந்த வீட்டில் அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

பெண் அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. வந்தது, பாதியில் நின்றது. கோணல் எங்கேயென்று தேடுகிற அந்தக் கண் விழித்துக்கொண்டுவிட்டது. அவள் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினாள். கன்ட்ரோலர் இன்னும் நீட்டிய கையில் இருந்தது. அது நேராக அம்மாவின் நெஞ்சைப் பார்த்தது.

"அம்மா. நீ சொல்லிக் குடுத்தியா?"

எக்ஸ்ரே அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன, துப்பாக்கிக்கு முன்னால் சரணடைகிறவள் மாதிரி.

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலைம்மா."

சொல்லிக் கொடுக்கவில்லைதான். 'எல்லாத்துக்கும் சரின்னு இருக்கக் கூடாது' என்பது சொல்லிக் கொடுத்ததில் சேருமா? ஒரு வாரம் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவன் கண்ணெதிரில் வளைய வந்தது சேருமா? அவன் சொன்ன மாட்டேனில் அவனுடையது எவ்வளவு, இவளுடையது எவ்வளவு? எந்த இயந்திரத்தின் அடியில் படுக்கவைத்துப் பார்த்தாலும் அது படத்தில் விழாது.

முதலில் கவனித்தவன் அவன்தான்.

"அத்தை, கை" என்றான் தாழ்ந்த குரலில்.

வலது கை காதைத் தாண்டி, கூரையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. எத்தனையோ மாதமாக நெஞ்சுக்கு மேல் ஏற மறுத்த கை.

பெண் கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகின, வெள்ளையடித்த அந்தச் சுவரை.

"அந்த முகத்தை வைக்காதம்மா" என்றாள். "வாயைத் திறந்து சொல்லு."

கை வலிக்கவே இல்லை. ஆனால் இறக்கினால் பதில் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே அம்மா இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றாள்.